ராணுவ மருத்துவப் பணிக்குச் செல்லும் கொங்குப் பகுதி மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பெருந்துறை, சேலம் என்று நம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிப்பதும், பள்ளிப் படிப்பு முடிந்தவுடனேயே புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெற்றதும் படையில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. 1967 முதல் கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் உள்ள சிங்கப்பூரைப் போல நம் நாட்டில் எவரையும் வலிந்து அழைத்துச் செல்வதில்லை. ஆனால் விரும்பிக் கையெழுத்திட்ட பிறகு, பிடிக்கவில்லை என்று நினைத்த நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பவும் முடியாது. குறுகிய காலப் பணி முதலில் 5 ஆண்டுகள். பின்னர் நீட்டிப்புகளோடு 14 ஆண்டுகள் வரை செல்லலாம். இந்த ஆண்டுகளை, முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை தங்கிச் செல்லும் இடமாகக் கணக்கிட்டுப் போவதே முதல் தவறு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாளை எண்ணுபவரால் படிப்பையும் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை, வேலையையும் செய்ய முடிவதில்லை.

குடும்பத்தார் செய்யும் தவறு வேறு வகை. சூலூர் விமானப்படைத் தளமும் கோவை ரெட்ஃபீல்ட்ஸ், குன்னூர் வெலிங்டன் படை முகாம்களும் கண்ணெதிரே இருப்பதால், பையனுக்கோ பெண்ணுக்கோ சில மாதங்களில் அங்கே இடமாறுதல் வாங்கிவிடலாம் என்று பல பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு படையணிக்கு ஒரே மருத்துவர் இருக்கும்போது, மாற்று மருத்துவர் வந்து பொறுப்பேற்காமல் அவர் கிளம்ப முடியாது. ஆகவே பண்ணாரி குண்டத்துக்கும் ஊர் நோம்பிக்கும் மகன் வந்துவிடுவான் என்று உறவினர்களிடம் வாக்குக் கொடுப்பதையும், நிச்சயதார்த்தத் தேதியை முதலில் குறித்துவிட்டு விடுப்பைப் பிறகு கேட்கச் சொல்வதையும் வீட்டார் தவிர்க்க வேண்டும்.

பணியில் சேர்ந்தபின் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஓர் அடிப்படையான தவறான எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. மருத்துவமனையில் நாம் பழகியது நோயாளியை. படையணியிலோ நம் பொறுப்பில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் உடல்நலமுள்ள இளைஞர்கள். அவர்களை நோயில் விழாமல் காப்பதே அங்கே முதல் வேலை. லக்னோவில் அடிப்படைப் பயிற்சியை முடித்து கேப்டன் பதவியோடு படையணிக்கு வரும் இளம் மருத்துவர் அறுவை அரங்கையும் துப்பாக்கிக் காயங்களையும் எதிர்பார்த்து வருகிறார். அவருக்குக் கிடைப்பதோ எம்.ஐ. ரூம் எனப்படும் ஒரு சிறு மருத்துவப் பரிசோதனை அறையும், சில நர்சிங் அசிஸ்டெண்டுகளும், சமையற்கூடத்தையும் கழிப்பிடங்களையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்வையிடும் கடமையும்தான். அதைத் தகுதிக் குறைவாக நினைத்து, ஆய்வுப் பதிவேட்டில் அறையில் இருந்தபடியே கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். குடிநீரைச் சுத்திகரிக்க எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று காட்டும், சமூக மருத்துவத் தேர்வோடு மறந்துபோன ஹாரக்ஸ் கருவி அங்கேதான் உயிர்பெறுகிறது. ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் எத்தனையாவதில் முதலில் தெளிவான நீலநிறம் தோன்றுகிறதோ, அத்தனை அளவுக்கரண்டி, அதாவது அந்த எண்ணைப்போல் இரு மடங்கு கிராம் பிளீச்சிங் பவுடர் 455 லிட்டர் தண்ணீருக்குத் தேவை. மூன்றாவது கிண்ணம் என்றால் 6 கிராம். இதைத் தானே நின்று செய்து பார்க்காத மருத்துவரின் முகாமில் ஒரே இரவில் பலர் வயிற்றுப்போக்கில் விழுந்தால், அதற்குப்பின் எத்தனை சலைன் ஏற்றினாலும் அது காலம் கடந்த மருத்துவமே.

காலை நேர சிக் ரிப்போர்ட்டில், அதாவது உடம்பு சரியில்லாத வீரர்கள் மருத்துவரிடம் வந்து நிற்கும் வேளையில், நடப்பது இதைவிட நுட்பமானது. முதுகுவலி, தலைவலி என்று வரிசையில் நிற்கும் வீரர்களைப் பார்த்ததும், ஓட்டத்திலிருந்து தப்பிக்க வந்தவர்கள் என்று முடிவுகட்டும் பழக்கம் புதியவர்களைச் சீக்கிரம் தொற்றிக்கொள்கிறது. மூத்தவர்கள் சிலர் அதை அனுபவ அறிவு என்றே கற்றும் கொடுக்கிறார்கள். நோய் இருப்பதாக நடிப்பது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே மருத்துவர் எரிச்சலில் எழுதும் ஒரு சொல் ஒரு வீரரை விசாரணைக்கே கொண்டு செல்லக்கூடும். முழுதாகப் பரிசோதித்து, கண்டதை மட்டும் எழுதி, ஐயமிருந்தால் ராணுவ மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவதே முறை. அடிக்கடி வந்து நிற்பவருக்கு உடலில் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவருக்குத் தூக்கம் வருகிறதா, ஊரில் நிலத் தகராறோ கடனோ குடும்பச் சிக்கலோ உண்டா என்று தனியே உட்கார வைத்துக் கேட்காமல் அனுப்பிவிடக் கூடாது. ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும் மனிதரின் மனச்சோர்வை அலட்சியம் செய்ததற்கான விலை மிகப் பெரியது. இதற்கு நேர்மாறாக, ஊர்க்காரர், தமிழ் பேசுபவர் என்பதற்காக ஓய்வுச் சீட்டைத் தாராளமாக எழுதுவதும் தவறுதான். அவருடைய காவல் பணியை அன்றிரவு வேறொருவர் பார்க்க நேரிடும்.

வெயிலைப் பொறுத்தவரை, ஈரோட்டுச் சித்திரையில் வளர்ந்த நமக்கு அது பழகியது என்ற நினைப்பு வேண்டாம். நம் ஊரில் மயக்கம் வருபவர் நிழலில் ஒதுங்கிவிடுவார். பயிற்சி ஓட்டத்தில் இருக்கும் இளைஞர் ஒதுங்காமல் ஓடியே விழுவார். விழுந்தவர் குழறிப் பேசினால் அது வெப்பத்தாக்கு என்று கொண்டு, அவரை அந்த இடத்திலேயே தண்ணீரில் நனைத்து விசிறிக் குளிர்வித்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். முதலில் மருத்துவமனை, பிறகு குளிர்விப்பு என்ற வரிசை உயிரைப் பறிக்கும்.

மலை உயரத்தில் நேரும் தவறு இன்னும் கொடியது. 1962 போரில் சமவெளியிலிருந்து திடீரென்று இமயமலைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, நம் ராணுவ மருத்துவர்களே இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். 1,925 வீரர்களிடம் கண்ட உயரநோயைப் பற்றி 1969இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 9,000 அடியைத் தாண்டும்போது 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் மேலும் 4 நாள் என்று படிப்படியாக உடலைப் பழக்கும் ஒழுங்கு கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும். ஆள் பற்றாக்குறை, அவசரம் என்று காரணம் கூறி நாட்களைக் குறைக்கக் கேட்கும்போது, மறுத்துச் சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். முன்பே அங்கே பணியாற்றியவர் என்பதால், இரண்டு மாத விடுப்பில் ஊரில் இருந்துவிட்டு விமானத்தில் லடாக்கின் லே நகருக்கு வந்திறங்கும் வீரருக்கு மீண்டும் பழக்கம் தேவையில்லை என்று கருதுவது பலர் செய்யும் பிழை. அவருக்கும் நுரையீரலில் நீர் கோக்கலாம். இருமலும் மூச்சிரைப்பும் கண்டால் நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்து, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கீழே இறக்குவதே மருத்துவம்; நிஃபெடிபின் போன்ற மாத்திரைகள் அதற்குத் துணை மட்டுமே.

பல ஆண்டு அனுபவமுள்ள நர்சிங் அசிஸ்டெண்டை, பட்டம் இல்லாதவர் என்று எண்ணி அதட்டுபவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். இந்தி தெரியாது என்பதை ஒரு குறையாக எண்ணி ஒதுங்கவும் தேவையில்லை. எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்கும் அளவுக்குச் சில மாதங்களில் எவருக்கும் வந்துவிடும். கட்டளை அதிகாரி ஒரு வீரரின் உடல்நிலையைக் கேட்டால், பணிக்குத் தகுதியா, எந்த வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். உணவு மேசையில் எவருடைய நோயையும் பேசக் கூடாது.

எல்லாவற்றிலும் நீண்ட காலம் பாதிக்கும் தவறு, பதிவேட்டில் செய்யும் கஞ்சத்தனம். பயிற்சியில் முழங்கால் பிசகிய ஒருவருக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கே, எந்தப் பணியில், எப்படி அடிபட்டது என்பதை எழுதாமல் விட்டால், அவர் ஓய்வுபெறும் நாளில் அந்தக் காயம் பணியால் வந்ததென்று நிறுவ ஆதாரம் இருக்காது. ஊனம் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, அது பணியால் வந்தது அல்லது பணியால் அதிகரித்தது என்று ஏற்கப்பட்டால்தான் ஊன ஓய்வூதியம் கிடைக்கும். பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் தோன்றினால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், இல்லை என்று கூறும் மருத்துவக் குழு காரணத்தை எழுத வேண்டும் என்றும் தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ஒற்றை வரிக் குறிப்புகளால் ஆண்டுக்கணக்கில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு அலையும் முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். தேதி, இடம், செய்துகொண்டிருந்த பணி, அடிபட்டதைப் பார்த்தவர் பெயர், பரிசோதனையில் கண்டது ஆகிய இந்த ஐந்தையும் எழுத இரண்டு நிமிடம் ஆகும். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தை ஒவ்வொரு காயத்துக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும்.