இடதுசாரி கம்யூனிஸ்டுகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெனினின் ‘இடதுசாரி கம்யூனிசம்: இளம்பருவக் கோளாறு’ நூலைப் படித்துவிட்டு, அவர் இப்படித் திட்டுகிற ஆட்கள், அதாவது தேர்தலும் சமரசமும் வேண்டாம் என்று அவருக்கும் இடதுபக்கம் நின்ற ஐரோப்பியக் கம்யூனிஸ்டுகள், அப்படி என்னதான் சொன்னார்கள் என்று தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்த வயதில் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். பெயரைத் தப்பாக உச்சரிப்பது, வருஷத்தை மாற்றிச் சொல்வது எல்லாம் போகட்டும், அவை தானாகச் சரியாகிவிடும்.

எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இடதுசாரி கம்யூனிஸ்ட் என்றால் கட்சியே வேண்டாம் என்பவர், லெனினுக்கு எதிரி, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு விவாதத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு தம்பி, கட்சி என்பதே தொழிலாளர்களை அடக்கும் கருவி என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் சாட்சிக்கு இத்தாலிய இடதுசாரி கம்யூனிஸ்டான போர்டிகாவை இழுத்தார். எதிரில் இருந்த மூத்த தோழர் சிரித்துக்கொண்டே, “தம்பி, உங்க ஆளு லெனினை விடக் கறாரான கட்சிக்காரர் ஆச்சே” என்றார். அதற்குப் பிறகு தம்பி சொன்ன சரியான விஷயங்கள்கூட யார் காதிலும் ஏறவில்லை.

மூத்தவர் சொன்னது உண்மை. 1921 ஜனவரியில் லிவோர்னோவில் பிறந்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவர் அமதேயோ போர்டிகா. அதற்கு முந்தைய வருஷம், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம் தன்னோடு சேர விரும்பும் கட்சிகளுக்கு 21 நிபந்தனைகள் போட்டபோது, இன்னும் இறுக்குங்கள் என்றவர்களில் அவரும் ஒருவர். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதா, அப்புறம் சமூக ஜனநாயகவாதிகளோடு ஐக்கிய முன்னணியா என்பதில்தான் லெனினோடு அவருக்குத் தகராறு. கட்சி இல்லாமல் வர்க்கம் வர்க்கமாகவே ஆகாது என்பவரிடம் போய் கட்சி எதிர்ப்புக்குச் சாட்சி கேட்டால் எப்படி?

ஜெர்மனி, ஹாலந்துப் பக்கம் போனால் கதையே வேறு. புரட்சி கட்சியின் வேலை அல்ல என்று ஜெர்மானியர் ஓட்டோ ரூலே 1920இலேயே எழுதிவிட்டார். ஆனால் அதே வருஷம் ஜெர்மனியில் உருவான அமைப்பின் பெயரே கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சி! ரூலேவை அந்தக் கட்சி சீக்கிரமே வெளியேற்றியும் விட்டது. ஹாலந்து மார்க்சியர் பான்னகோக் பெயரைச் சொன்னால் எந்த வருஷத்துப் பான்னகோக் என்று கேட்க வேண்டும். 1917இல் ‘அரசும் புரட்சியும்’ எழுதிய லெனின், ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகளின் கோட்பாட்டாளர் காவுத்ஸ்கிக்கு எதிராக இவர் பக்கம் நின்றார். 1938இல் லெனினின் தத்துவத்தையே விமர்சித்து ஒரு நூல் எழுதிய பான்னகோக்குக்கு, போல்ஷெவிக் புரட்சி முதலாளித்துவப் புரட்சியாகத் தெரிந்தது. தொழிலாளர்களே தேர்ந்தெடுத்து நடத்தும் தொழிலாளர் மன்றங்கள்தான் எல்லாம் என்ற இடத்துக்கு அவர் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தார்.

லெனினை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

ஹாலந்து இடதுசாரி கம்யூனிஸ்ட் ஹெர்மன் கோர்ட்டர் 1920இல் லெனினுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தையும் படியுங்கள். ரஷ்யத் தொழிலாளிக்கு ஏழை விவசாயி துணைக்கு வந்தான், மேற்கு ஐரோப்பாவில் தொழிலாளி தனியாகத்தான் நிற்க வேண்டும், அதனால் ரஷ்ய உத்தி இங்கே செல்லாது என்பது அவர் வாதம். ஏற்க வேண்டாம், ஆனால் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ட்ராட்ஸ்கியோடு குழப்புவது

ரஷ்யக் கட்சிக்குள் ட்ராட்ஸ்கியைச் சுற்றி உருவான 1923இன் இடது எதிரணி வேறு, இவர்கள் வேறு.

தேர்தல் புறக்கணிப்புக்கு ரோசாவைக் கூப்பிடுவது

ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க மாநாட்டில் ரோசா லக்சம்பர்க் தேர்தலில் பங்கேற்கலாம் என்றுதான் பேசினார். பெரும்பான்மை அவரைத் தோற்கடித்தது.

நக்சல்பாரியோடு முடிச்சுப் போடுவது

தேர்தல் புறக்கணிப்பு ஒன்றுதான் பொது. நக்சல்பாரிக்காரர்கள் மாவோவைப் பின்பற்றியவர்கள்; அந்த மாவோவின் சீனாவில் நடந்ததையே முதலாளித்துவப் புரட்சி என்றவர் போர்டிகா.

புகாரினை விட்டுவிடுவது

1918இல் ரஷ்யா ஜெர்மனியோடு போட்ட பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் சமாதான ஒப்பந்தத்தை எதிர்த்து, ‘கம்யூனிஸ்ட்’ என்ற பத்திரிகையும் நடத்தி, இடதுசாரி கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் லெனினோடு முட்டியவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள், அதன் முன்னணித் தலைவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் புகாரின். பத்து வருஷம் கழித்து அதே புகாரின் ‘வலது விலகல்’ என்று ஸ்டாலினிடம் அடி வாங்கினார்.