சிற்றூர் மண்டபத்தில் ஒரு நாடக மாலை

பிரான்சின் சிற்றூர் ஒன்றில் நாடகம் போட விரும்பும் குழு, 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, ஊர்ப் பொது மண்டபத்தை மேயர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1673 இல் மறைந்தவர் என்பதால் அவருடைய மூல நாடகங்களுக்கு உரிமத்தொகை இல்லை. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் ஆகாத நாடகமென்றால் ஒத்திகைக்கு முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும்.

வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவரைத் திரையோரம் கட்டாயம் அமர்த்துங்கள். புதிதாக மேடையேறுபவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. தொடக்கத்தில், பிரிகாடியே எனப்படும் தடித்த கோலால் மேடைப் பலகையில் முதலில் தடதடவென்றும், பின்பு நிறுத்தி நிறுத்தி மூன்று முறையும் தட்ட வேண்டும். மூன்றாம் தட்டில் நாற்காலிகளின் கிறீச்சொலி அடங்கி, பார்வையாளர் கூட்டம் முழுவதும் மேடையை நோக்கித் திரும்பும். இடைவேளையில் வீட்டில் செய்த கேக் விற்பது மண்டபச் செலவுக்குக் கைகொடுக்கும். மது விற்பதானால் அதற்கும் மேயரின் அனுமதி வேண்டும்.