லிஸ்ப்பில் விண்டோ வரவில்லையா? எல்டிகே பழுது பார்க்கும் முறை

லிஸ்ப் நிரல்மொழியின் ஒரு வகையான காமன் லிஸ்ப்பில் பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்துச் சின்னதாக ஒரு விண்டோ போட எல்டிகே (LTK) என்ற நூலகம் நல்ல தொடக்கம். ஆனால் விண்டோவை வரைவது லிஸ்ப் இல்லை. எல்டிகே, விண்டோ வரையும் டிகே (Tk) கருவித்தொகுப்பின் 'விஷ்' (wish) நிரலைத் தனியே கிளப்பி, இரு நிரல்களை இணைக்கும் பைப் வழியாக அதற்குக் கட்டளை அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் அதே வழியில் விஷ் தகவல் சொல்கிறது. கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. (கட்டளைப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: விஷ் தனியாக ஓடுகிறதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டிருந்தால், டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிகே' கொடுங்கள். பிறகு வெறும் 'விஷ்'. வெற்று விண்டோ ஒன்றும் டெர்மினலில் சதவீதக் குறியும் வர வேண்டும். 'டிஸ்ப்ளே' இல்லை என்று பிழை வந்தால், பெரும்பாலும் நீங்கள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் கட்டளை) வழியாக வேறொரு சர்வருக்குள் இருக்கிறீர்கள். அந்தக் கட்டளையில் மைனஸ் பெரிய எக்ஸ் (-X) சேர்த்து மறுபடி நுழையுங்கள். விஷ் இங்கேயே ஓடாவிட்டால் லிஸ்ப் கோடைத் தொடவே வேண்டாம்.

படி 2: எல்டிகேவை ஏற்றுங்கள்

காமன் லிஸ்ப்பை ஓட்டும் எஸ்பிசிஎல்லில் (SBCL), நூலகங்களை இறக்கித் தரும் குவிக்லிஸ்ப் மூலம் ஏற்றலாம். வைட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஆபீஸ் நெட்வொர்க்கில் டவுன்லோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர்தான் காரணம். குவிக்லிஸ்ப்பை நிறுவும் கட்டளையிலேயே ப்ராக்ஸி முகவரியைக் கொடுக்க இடம் உண்டு.

ஏறியதும் எல்டிகேவோடு வரும் 'எல்டிகேடெஸ்ட்' ஃபங்ஷனை (ltk::ltktest) ஓட்டுங்கள். சோதனை விண்டோ வந்தால் நிறுவல் சரி. இனித் தப்பு உங்கள் கோடில். டெர்மினலில் வருகிறது, மேக்கில் ஈமேக்ஸ் எடிட்டருக்குள் வரவில்லை என்றால், ஐகானைத் தட்டித் திறந்த ஈமேக்ஸுக்கு ஷெல்லின் 'பாத்' (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாமல் இருக்கலாம். எல்டிகேவின் 'விஷ்-பாத்நேம்' மாறியில் (ltk::*wish-pathname*) விஷ் இருக்கும் முழு முகவரியை வையுங்கள்.

படி 3: பேக்கேஜ் பொறி

புதியவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பேக்கேஜ் என்பது பெயர்களைத் தொகுத்து வைக்கும் பெட்டி. முதலில், விண்டோவைத் தொடங்கும் 'வித்-எல்டிகே' (with-ltk) என்று அடிக்கிறீர்கள். தெரியாத பெயர் என்று பிழை வருகிறது. உடனே எல்டிகேவின் பெயர்களைக் கொண்டுவர 'யூஸ்-பேக்கேஜ்' (use-package) கொடுக்கிறீர்கள். இப்போது பெயர் மோதல் என்று வேறொரு பிழை. காரணம், முதல் தடவை அடித்தபோதே, கோடை வாசிக்கும் லிஸ்ப் ரீடர் அந்தப் பெயரை உங்கள் பேக்கேஜில் பதிந்துவிட்டது. லிஸ்ப்பை மூடித் திறந்து, கோப்பின் தலையிலேயே காமன் லிஸ்ப், எல்டிகே இரண்டையும் பயன்படுத்தும் பேக்கேஜ் ஒன்றை அறிவித்துவிடுங்கள்.

படி 4: விண்டோ வருகிறது, பட்டன் இல்லை

பட்டனை உருவாக்கினால் போதாது, 'பேக்' அல்லது 'கிரிட்' மூலம் இடம் தர வேண்டும். ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், டிகே 8.6 பிழை காட்டி மறுத்துவிடும். புரியாவிட்டால் 'டீபக்-டிகே' மாறியை (*debug-tk*) 'டி' (t) ஆக்குங்கள். விஷ்ஷுக்குப் போகும் ஒவ்வொரு வரியும் கண்முன் ஓடும்.

படி 5: அழுத்தினால் உறைகிறது

பட்டன் அழுந்துவது தெரியும், வேலை மட்டும் நடக்காது. வரைகிற விஷ் சும்மாதான் இருக்கிறது. லிஸ்ப் முந்தைய கிளிக்கின் நீண்ட கணக்கை இன்னும் முடிக்கவில்லை. பொறுமை இழந்து மூன்று முறை தட்டினால் பிறகு மூன்றும் வரிசையாக ஓடும். வேலையைத் துண்டாக்கி 'ஆஃப்டர்' மூலம் மில்லி செகண்ட் இடைவெளியில் ஓட்டுங்கள். வேலையை இணையாக ஓட்டத் தனி த்ரெட் போடத் தோன்றும், ஆனால் எல்டிகேவின் 'விஷ்' மாறியின் (*wish*) மதிப்பு வித்-எல்டிகே ஓடும் த்ரெட்டுக்கு மட்டுமே தெரியும். அந்த மதிப்பை எடுத்து வைத்து, புது த்ரெட்டில் அதே மாறிக்கு மறுபடி கட்டாமல் விட்டால், பட்டன் போன்ற விட்ஜெட்டைத் தொட்டதும் பிழைதான். தொடக்கத்தில் ஆஃப்டரே போதும்.

பட்டனில் தமிழ் வைத்தால்

கேள்விக்குறிகள் வந்தால் என்கோடிங் கோளாறு. கணினியின் மொழி அமைப்பான லோக்கேல் யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். கட்டங்கள் வந்தால் ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கள். 'கெ'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் இரண்டும் காரணமில்லை. லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளைச் சேர்த்து வரையாது. எந்த ஃபான்ட் போட்டாலும் அது மாறாது. அங்கே தமிழ் எழுத்தைப் படமாக்கிப் பட்டனுக்கு வைப்பதுதான் வழி.