பீதித் தாக்குதல் வரும்போது செய்ய வேண்டியதும், போன பிறகு செய்ய வேண்டியதும்

மார்பைப் பிடித்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்களில் சிலருக்கு இசிஜி சரியாக இருக்கும்; ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். "ஒன்றுமில்லை, கேஸ் ட்ரபிளாக இருக்கும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்று சொல்லி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வேறொரு மருத்துவமனையில் எக்கோ எடுக்க வரிசையில் உட்கார்ந்திருப்பார். இப்படி அலைகிறவர்களில் பலருக்கு வந்திருப்பது, பேனிக் அட்டாக் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுகிற பீதித் தாக்குதல்தான். அது திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையிலேயே ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தால், அதைப் பீதிக் கோளாறு என்று மனநல மருத்துவம் வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டில் 1980 முதல் அதற்குத் தனி இடம் உண்டு. நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும் உண்டு.

இதில் சிக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வந்தால் உடனே நிறுத்துவது எப்படி?" என்பதுதான். கேள்வி நியாயமானது என்றாலும், நிறுத்தியே ஆக வேண்டும் என்ற அந்தத் தவிப்பே நோயை வளர்க்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள்

வாழ்க்கையில் முதல் முறையாக நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால், அது பீதிதான் என்று நீங்களோ வீட்டாரோ முடிவு செய்யக் கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல வலித்து, அந்த வலி இடது தோள், தாடை, முதுகு என்று பரவினாலும், மாடிப்படி ஏறும்போது கூடி உட்கார்ந்தால் குறைந்தாலும் சற்றும் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இத்தனை தெளிவான வலி இல்லாமலேகூட வரலாம். தைராய்டு மிகையாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை தாழ்ந்துபோவது, ஆஸ்துமா ஆகியவையும் படபடப்பைக் கொண்டுவரும் என்பதால், இசிஜியோடு தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. இதயத் துடிப்பு திடீரென்று நிமிடத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டி, சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றுபோகிறது என்றால், இதயத் துடிப்பின் ஒழுங்கில் கோளாறு இருக்கிறதா என்று இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடியைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், மூக்கடைப்புக்கு வாங்கிச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இதே படபடப்பு வருவதுண்டு.

பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றால், அதோடு பரிசோதனைகளை நிறுத்திக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மாதம் ஒரு இசிஜி எடுப்பவருக்கு அன்று மாலை வரைக்கும்தான் நிம்மதி, மறுநாள் காலை, "நேற்று எடுத்ததற்குப் பிறகு ஏதாவது ஆகியிருந்தால்?" என்று மனம் மறுபடி தொடங்கிவிடும்.

உடம்பில் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவு கட்டியவுடன் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தசைகளுக்கு ரத்தம் தேவை என்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது. செரிமானம் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்படுவதால் வயிற்றைப் புரட்டுகிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வியர்க்கிறது. இவை அனைத்தும் நாய் துரத்தினாலும் நடக்கும். துரத்த நாய் இல்லாத இடத்தில் நடக்கும்போதுதான் நமக்குப் புரியாமல் போகிறது.

மூச்சின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு தாழ்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. அதனால் தலை சுற்றுகிறது, சுற்றியிருப்பவை கனவில் தெரிவதுபோல விலகித் தெரிகின்றன, ரத்தத்தின் அமிலத்தன்மையும் குறைவதால் உதட்டிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வருகிறது, சிலருக்கு விரல்கள் கோணிக்கொண்டு இழுத்துக்கொள்ளவும் செய்கின்றன. உண்மையில் அந்த நேரத்தில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால் தாக்குதலில் சிக்கியவருக்கோ காற்றே போதவில்லை என்று தோன்றுகிறது, இன்னும் இழுக்கிறார், இன்னும் தலை சுற்றுகிறது.

இந்தச் சுழற்சியில் மனத்தின் பங்கை 1986-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக விளக்கினார். உடம்பில் எழும் சாதாரண உணர்வு ஒன்றை, "மாரடைப்பு", "மயங்கி விழப்போகிறேன்", "பைத்தியம் பிடிக்கப்போகிறது" என்று பேராபத்தாகப் பொருள்கொள்வதால்தான் பயம் கூடுகிறது, பயத்தால் அந்த உணர்வு கூடுகிறது என்பது அவர் சொன்னது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. இங்கே இருட்டு சொந்த உடம்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு சில மணி நேரம் அசதி இருக்கலாம். மயங்கி விழுவோம் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று விழும்போது வருவது, பீதியின்போது அழுத்தம் சற்று ஏறவே செய்கிறது என்பதால், பீதியில் மயங்கி விழுவது அரிது.

வந்துகொண்டிருக்கும்போது

இருக்கும் இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி, பீதி இறங்கியதும் மறுபடி எடுங்கள். "இது பீதித் தாக்குதல், உச்சத்துக்குப் போய் இறங்கும், இதற்கு முன்பும் இறங்கியிருக்கிறது" என்று உங்களுக்குப் பழகிய சொற்களில் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

"நல்லா ஆழமா மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது அன்பினால்தான் என்றாலும், ஏற்கெனவே மிகையாக மூச்சு விடுகிறவருக்கு அது தவறான அறிவுரை. முதலில் இருக்கும் காற்றை மெதுவாக வெளியே விட வேண்டும். பிறகு ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை சிறிய அளவில் இழுத்து, ஆறு எண்ணும் வரை உதட்டைக் குவித்து விட வேண்டும். தோள் உயரக் கூடாது, வயிறுதான் எழுந்து தாழ வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று வரும். தாக்குதல் நடக்கும்போது முதல் முறையாக இதைச் செய்து பார்த்தால் கைகூடாது. தினமும் இரண்டு வேளை, நிம்மதியாக இருக்கும்போது, ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கவனத்தை வெளியே திருப்புவதும் உதவும். எதிரே இருக்கும் பெயர்ப் பலகைகளை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம், பேருந்தின் இருக்கைக் கம்பி கைக்கு எப்படிக் குளிர்கிறது என்று கவனிக்கலாம். ஆனால் மூச்சானாலும் இதுவானாலும், "இன்னும் போகவில்லையே" என்று நொடிக்கொரு முறை சோதித்துக்கொண்டே செய்தால் பலன் இருக்காது. படபடப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதற்கு இடம் கொடுத்து, செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் மெதுவாகவேனும் தொடர்வதுதான் நோக்கம்.

பக்கத்தில் இருக்கும் வீட்டாருக்கு ஒரு சொல்: சுற்றிக் கூட்டம் போடாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், "இதுக்குப் போய் பயப்படுறியே" என்று சொல்லாதீர்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கேன், கொஞ்ச நேரத்துல இறங்கிடும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, நீங்களும் மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள்.

தவிர்ப்பதே நோயை வளர்க்கிறது

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலை, நெரிசலில் நின்றபடி கோடம்பாக்கத்தைத் தாண்டும்போது அவருக்கு முதல் தாக்குதல் வருகிறது. நுங்கம்பாக்கத்தில் இறங்கி நடைமேடைப் பெஞ்சில் உட்காருகிறார்; சிறிது நேரத்தில் சரியாகிறது. உட்காராமல் போயிருந்தாலும் அது இறங்கியிருக்கும். ஆனால் அவருடைய மூளை, "இறங்கியதால் பிழைத்தேன்" என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. மறுநாள் அவர் கதவோரம் நிற்கிறார், அடுத்த வாரம் முதல் வகுப்பு, பிறகு கூட்டம் குறைந்த வண்டிக்காகக் காத்திருந்து தாமதம், பிறகு ரயிலே வேண்டாம் என்று பேருந்து, கடைசியில் விடுப்பு. போகிற நாட்களிலும் பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை, காதில் மனைவியின் குரல். இந்தத் துணைகள் எல்லாம் பாதுகாப்பாகத் தோன்றினாலும், "இவை இல்லாவிட்டால் நான் தொலைந்தேன்" என்ற பாடத்தைத்தான் அவை நாள்தோறும் சொல்லிக் கொடுக்கின்றன.

வெளியே வரும் வழி, வந்த வழியே படிப்படியாகத் திரும்புவதுதான். ஒரு நோட்டில் எளிதானதிலிருந்து கடினமானது வரை படிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று எண் போட வேண்டும். அந்தத் தாம்பரத்துக்காரருக்கு முதல் படி, ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியான வண்டியில் குரோம்பேட்டை வரை நண்பரோடு போவதாக இருக்கலாம். அடுத்தது அதே தூரம் தனியாக. பிறகு பல்லாவரம், கிண்டி, மாம்பலம். பிறகு வேலை நாளில் கூட்டம் குறைந்த நேரத்தில். கடைசியில் காலை நெரிசலில், கதவை விட்டுத் தள்ளி உள்ளே நின்றபடி, கோடம்பாக்கத்தைத் தாண்டிக் கடற்கரை வரை. ஒவ்வொரு முறையும் புறப்படும் முன், "இன்று என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்?" என்பதை ஒரு வரியில் எழுதி, திரும்பியதும் என்ன ஆனது என்பதை அதற்குக் கீழே எழுத வேண்டும். ஒரு படி சலித்துப்போகும் வரை, வாரத்துக்குப் பல முறை, அதையே செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை செய்வதால் பயம் கரையாது. பயம் உச்சத்தில் இருக்கும்போது வண்டியிலிருந்து இறங்கிவிட்டால் அது தோல்வியல்ல, ஆனால் அடுத்த வண்டியைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பாமல் போக வேண்டிய திசையிலேயே போங்கள். படிகள் பழகப் பழக, பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் தொலைபேசித் துணையையும் ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட வேண்டும்.

உடம்பின் உணர்வுகளையே கண்டு பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு பயிற்சி உண்டு. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடித் துடிப்பைக் கூட்டுவது, சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்றலை வரவழைப்பது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடுவது என்று, பயப்படும் அதே உணர்வைத் தாமாகவே உண்டாக்கி, அது ஒன்றும் செய்யாமல் அடங்குவதைப் பார்ப்பதுதான் அது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் தொடக்கத்தில் உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வது நல்லது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அவர்கள் தருவதில் இப்பயிற்சிகள்தான் மையம். வாரம் ஒன்றாகப் பத்து, பதினைந்து அமர்வுகளில் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும்.

மாத்திரையும் மருத்துவரும்

பீதிக் கோளாறுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமைப்படுத்துபவையும் அல்ல. குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் இரண்டு வாரம் படபடப்பு சற்றுக் கூடலாம் என்பதை முன்பே சொல்லாததால்தான் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சரியான பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும்போது மெல்லமெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அல்பிரசோலம், குளோனசெபம் வகை வேறு. அவை விரைவிலேயே ஆறுதல் தருகின்றன. எளிதில் அவற்றுக்கு அடிமையாக்கிவிடும் என்பதால், அந்த விரைவுதான் அவற்றின் ஆபத்தும்கூட. மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதித் தந்தால் சாப்பிடலாம், பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடக் கூடாது. நெடுநாள் சாப்பிட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லியே குறைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. இந்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; இலங்கையில் இருப்பவர்கள் அங்குள்ள மனநல உதவி எண்ணான 1926-ஐ அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே அழைக்க வேண்டும். கோயிலில் மந்திரித்துத் திருநீறு பூசிக்கொள்வதில் கெடுதல் ஏதுமில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பூசாரியிடம் மட்டும் போகாதீர்கள்.

அன்றாடப் பழக்கங்களில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காபியையும் டீயையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தினமும் வேர்க்கும்படி நடங்கள். இரவில் மது குடித்தால் படபடப்பு அடங்குகிறது என்று நினைப்பவர்களுக்கு மறுநாள் காலையில் அது இரட்டிப்பாகத் திரும்பும். நன்றாக இருந்து பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு தேர்வோ பிரசவமோ வீட்டில் ஒரு சாவோ நேரும்போது தாக்குதல் மறுபடி தலைகாட்டலாம். அப்போது பழைய நோட்டை எடுத்து, கடைசியாக நின்ற படிக்கு இரண்டு படி கீழிருந்து, அந்த வாரமே தொடங்க வேண்டும். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டாமல், முன்பு பார்த்த மருத்துவரிடமே போய்க் காட்ட வேண்டும்.