கை என்றால் சாப்பாடு: நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்கு வரும் மின்னஞ்சல்கள் "கியா ஓரா" என்று தொடங்கி "ஙா மிஹி" என்று முடியும். பதற வேண்டாம். முன்னது வணக்கம், நன்றிக்கும் "ஆமாம், சரி" என்பதற்கும்கூட அதுவே போதும். பின்னது கடிதத்தின் அடியில் நாம் போடும் "அன்புடன்". இரண்டும் மாவோரி, இந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழி. 1987 முதல் அது இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தெருப் பலகை, பள்ளிச் சுற்றறிக்கை, கழிப்பறைக் கதவு என்று எங்கும் அதைப் பார்ப்பீர்கள். கதவில் "வாஹினெ" என்றிருந்தால் பெண்கள், "தானெ" என்றிருந்தால் ஆண்கள். இதை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள்.

மற்றதை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதீர்கள் என்பதே பல ஆண்டுகள் இங்கே குப்பை கொட்டிய என் யோசனை. குறில், நெடில் மாறினால் பொருள் மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் வேறு, பாடம் வேறு. அப்படித்தான் "வஹினெ" ஒரு பெண், "வாஹினெ" பல பெண்கள். ரோமன் எழுத்தில் உயிரின் தலைமேல் ஒரு கோடு கிடந்தால் நெடில் என்று கொள்ளுங்கள். ஆத்திசூடியோடு நாம் மறந்துவிட்ட ஙகரம் இங்கே சொல்லின் முதலிலேயே வரும். தங்கம் என்பதில் போலப் பின்னால் ககரம் ஒட்டக்கூடாது. அங்ஙனம், இங்ஙனம் என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஒலிதான்.

நமக்கு இடறும் இடமும் ஒன்று உண்டு. சொல்லின் நடுவில் க, த, ப வந்தால் நம் நாக்கு தானாக மென்மையாகிவிடும். மாவோரியில் அவை எங்கே வந்தாலும் வல்லினம்தான். இந்தப் பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படித்துவிட்டு, குறில் நெடிலில் நான் கோட்டை விட்டேன். கேக்குக்கு இங்கே "கெக்கெ" என்று பெயர். நாம்தான் கேக் என்று நீட்டியே பழகியவர்களாயிற்றே! அலுவலகத் தேநீர் வேளையில் சக ஊழியர் வீட்டில் செய்து கொண்டுவந்த தட்டைக் காட்டி, "கேக்கே பிரமாதம்" என்று பாராட்டினேன். ஒரு நொடி அமைதி, பிறகு கொல்லென்று சிரிப்பு. கேக்கே என்றால் அக்குள்.

ஆங்கிலத்தில் இல்லாத நாம், நாங்கள் என்ற வேறுபாடு மாவோரியில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் "தாதோ", விட்டுவிட்டால் "மாதோ". அதோடு நிற்காமல் இருவருக்கென்று தனிச்சொல்லும் உண்டு. நீங்களும் நானும் மட்டும் என்றால் "தாவுவ". வணக்கமும் இதே கணக்குதான்: ஒருவருக்குத் "தேனா கொய்", இருவருக்குத் "தேனா கோருவ", மூவர் முதல் "தேனா கோதோ". நம் "நீங்கள்" போன்ற மரியாதைப் பன்மையை இங்கே தேடாதீர்கள். எதிரே நிற்பவர் ஒருவர் என்றால், எவ்வளவு பெரியவரானாலும் பொதுவாகக் கொய்தான்.

விடைபெறும்போது கவனம். கிளம்புகிறவரைப் பார்த்து இருப்பவர் சொல்வது "ஹாயரெ ரா". இருப்பவரிடம் கிளம்புகிறவர் சொல்வது "எ நொஹொ ரா". போய் வாருங்கள், போய் வருகிறேன் என்ற நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பக்கத்து வீட்டு மாவோரிப் பாட்டியிடம் புறப்படும்போது நான் "ஹாயரெ ரா" என்றேன். "இது என் வீடு, நான் எங்கே போவது?" என்று கேட்டுவிட்டு, சரியான சொல்லை மூன்று முறை சொல்லவைத்த பிறகே கதவைச் சாத்தினார்.

அலுவலகத்தில் மேசைமேல் ஏறி உட்காராதீர்கள். மாவோரி வழக்கில் உணவு வைக்கும் இடத்தில் உட்கார்வதும் தொப்பியை வைப்பதும் அருவருப்பு. தலையணைமேல் உட்காரக் கூடாது. பாத்திரம் துடைக்கும் துணியை உடுதுணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. குழந்தையின் தலையைக் கேட்காமல் தடவக் கூடாது. இடுகாட்டிலிருந்து வெளியே வரும்போது கையில் நீர் விட்டுக்கொள்ள வேண்டும். என் அப்பத்தா வந்திருந்தால் ஒன்றுவிடாமல் தலையாட்டியிருப்பார். ஆனாலும் இதைத் தீட்டு என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். இதற்கான மாவோரிச் சொல், உச்சரிப்பில் நம் "தப்பு" போலவே இருக்கும். பொருள் விலக்கி வைக்கப்பட்டது என்பது. தலை உயர்ந்தது என்பதால் தப்பு, இறந்தவர் உடலும் தப்பு. அந்த நிலையை நீக்கி இயல்பாக்குவது உணவு. அதனால்தான் இரண்டையும் கலப்பதில்லை. சடங்கு முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதும் அதனால்தான்.

சாப்பாட்டுக்குப் பெயர் "கை". கையால் உண்ணும் நமக்கு மறக்கவா போகிறது?

இந்த ஒற்றுமைகளை வைத்து மாவோரிக்குத் தமிழே தாய் என்று யாரிடமும் கிளம்பிவிடாதீர்கள். தமிழ் மணி ஒன்று இங்கே கிடைத்தது உண்மைதான். மதபோதகர் வில்லியம் கொலன்சோ 1836 வாக்கில் ஃபங்ஙாரெய் பகுதியில் ஒரு வெண்கல மணியைப் பார்த்தார். மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மணியில் தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. இன்று அது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அந்த மணி எப்படிக் கரை சேர்ந்தது என்பதற்குக் கதைகள்தாம் பல. உறுதியான சான்று இல்லை.

என்றாவது ஒரு நாள் மராய்க்கு, அதாவது அவர்களுடைய பொது மன்றத்துக்கு, அழைக்கப்படுவீர்கள். வாசலில் நில்லுங்கள். உள்ளிருந்து ஒரு பெண் நீட்டி அழைக்கும் குரல் கேட்கும்வரை உள்ளே போகக் கூடாது. பிறகு எல்லாரும் சேர்ந்து, பேசாமல், மெல்ல நடந்து போக வேண்டும். முன்வரிசை நாற்காலி பேச்சாளர்களுக்கு. பல இடங்களில் அது ஆண்களுக்கு மட்டும். கூட்ட மண்டபத்துக்குள் செருப்பும் வேண்டாம், தின்பண்டமும் வேண்டாம். குழுவாகப் பணம் சேர்த்து ஒரே உறையில் கொடுப்பது "கொஹ". நம் மொய்தான், மைக்கில் தொகையை வாசிக்க மாட்டார்கள். பிறகு "ஹொங்ஙி": மூக்கும் நெற்றியும் மெல்லத் தொடும்படி குனிந்து, மூச்சைப் பகிர்வது. முத்தம் என்று நினைத்து உதட்டைக் குவிக்காதீர்கள்.

தெற்கு ஆக்லாந்தில் வீடு பார்த்தால் அண்டை வீட்டார் சமோவா, தொங்கா என்ற பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சமோவர்களாகவோ தொங்கர்களாகவோ இருக்கக்கூடும். சமோவருக்குத் "தாலோஃபா", தொங்கருக்கு "மாலோ எ லெலெய்". ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் சமோவ ஆண்கள் சட்டைக்குக் கீழே வேட்டிபோல் ஒன்று கட்டியிருப்பார்கள். அதில் பை வைத்துத் தைத்திருப்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் பாயில் அமர்ந்திருக்கும்போது குறுக்கே போக நேர்ந்தால், முதுகை வளைத்துக் கையைத் தாழ்த்தி, "துலோ" என்று சொல்லிக்கொண்டே கடந்து போங்கள். காலை நீட்டி உட்காராமல் சப்பணமிட்டுக்கொள்ளுங்கள். தட்டு நிறையச் சாப்பாடு வரும். மீந்ததையும் கட்டிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.