கியோட்டோவின் ஹிகாஷியாமா: தனியாகப் போகிறவருக்கு முதல் நாள் நடை

கியோட்டோவுக்கு முதல்முறை, அதுவும் தனியாகப் போகிறீர்களா? முதல் நாளை நகரின் கிழக்குப் பகுதியான ஹிகாஷியாமாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். மலையடிவாரத்தில் மரவீடுகளும் கல் பாவிய சரிவுத் தெருக்களும் கோயில்களும் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால் விடியற்காலையில் உச்சிக்குப் போய், அங்கிருந்து இறங்கி வர வேண்டும். பத்து மணிக்குக் கீழேயிருந்து ஏறினால் முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

முந்தின இரவே: ரயில், பஸ் கட்டணத்துக்கான இகோகா அட்டையில் பணம் ஏற்றுங்கள். சில்லறை, இரண்டு ஓனிகிரி (சோற்று உருண்டை), குப்பைக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அபூர்வம்.

படி 1: கெய்ஹான் ரயிலில் கியோமிசு-கோஜோ நிலையத்தில் இறங்கி, கிழக்கே மேடு ஏறுங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

படி 2: கியோமிசு-தெரா கோயில் 6 மணிக்கே திறந்துவிடும். கட்டணம் 500 யென். இப்போதுள்ள பிரதான மண்டபம் 1633-இல் கட்டியது. அதன் மேடை 13 மீட்டர் உயரம். தூண்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறார்கள். மேலே நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள், கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். பக்கத்திலேயே ஒட்டோவா அருவி மூன்று தாரையாக விழுகிறது. நீளமான கைப்பிடி போட்ட கரண்டியில் ஒரு தாரையில் மட்டும் பிடித்துக் குடியுங்கள். மூன்றிலும் குடித்தால் பேராசையாம்.

படி 3: அப்புறம் சன்னென்சாகா படிக்கட்டு. இங்கே விழுந்தால் மூன்று வருடத்தில் சாவு என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பரிகாரம்போல, படிக்கட்டின் அடியிலேயே சுரைக்குடுவை விற்கும் கடை இருக்கிறது. எனக்கு ஒரு படியில் லேசாகச் சறுக்கியது, விழவில்லை. ஆனால் ஏழரை மணிக்குக் கடை எங்கே திறந்திருக்கும்? பத்து மணிக்குத் திரும்பி வந்து கட்டைவிரல் அளவில் ஒன்று வாங்கினேன். நம்பிக்கை எல்லாம் இல்லை, சும்மாதான்.

படி 4: ஐந்தடுக்கு யசாகா கோபுரத்தையும் நினென்சாகா என்ற அடுத்த சரிவுத் தெருவையும் கடைகள் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்பது மணிக்குக் கொடாய்-ஜி திறக்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட டொயொடோமி ஹிதேயோஷியின் நினைவாக அவர் மனைவி நெனே 1606-இல் எழுப்பிய கோயில் இது. மூங்கில் தோப்பு சின்னதுதான், ஆனால் நிம்மதியாக நிற்கலாம்.

படி 5: மதியம் சாப்பாடு. சைவம் என்றால் கவனம்: காய்கறி மட்டும் போட்ட ஊடோனிலும் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) குழம்புத் தண்ணீர் பெரும்பாலும் மீன் சேர்த்த தாஷி என்ற சாறுதான். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

படி 6: மாருயாமா பூங்கா, யசாகா கோயில் வழியாகச் சாயங்காலம் கெய்ஷாக்களுக்குப் பேர்போன கியோன் பகுதிக்குப் போய்ச் சேருங்கள். ஹனாமிகோஜி தெருவில் நடக்கலாம். அதிலிருந்து பிரியும் தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கெய்கோ (கியோட்டோவில் கெய்ஷாவை இப்படித்தான் சொல்வார்கள்) யாராவது எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், கேமராவோடு பின்னால் ஓடாதீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் நெரிபட வேண்டாம், கியோன்-ஷிஜோ ரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது.