பூட்டி வரும் டிராஃபிக்கைத் திறந்து பார்க்கும் பெட்டி: பொருத்துவது எப்படி?

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், 30 கம்ப்யூட்டர்கள். அங்கே செய்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

இணையத் தளங்கள் தகவலைக் குறியாக்கி, அதாவது பூட்டி, அனுப்பும் முறைதான் எச்டிடிபிஎஸ். அந்தப் பூட்டுக்குள் வைரஸ் வந்தாலும், நெட்வொர்க்கின் வாசல் காவலான ஃபயர்வாலுக்குத் தெரியாது. ஓரமாக நின்று நகலெடுத்தும் பயனில்லை. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 (அந்தப் பூட்டின் புதிய பதிப்பு), தளம் யாருடையது என்று காட்டும் சான்றிதழைக்கூட மறைத்துவிடுகிறது. அதனால் பெட்டி பாதையின் நடுவிலேயே உட்கார வேண்டும். பிரவுசரோடு ஓர் இணைப்பு, தளத்தோடு இன்னோர் இணைப்பு. இடையில் திறந்து பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பும்.

படி 1: ஃபயர்வாலுக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் மாட்டுங்கள். பைபாஸ் வசதி (பெட்டிக்குக் கரண்ட் போனாலும் நெட் நேராகக் கடந்து போகும் வசதி) உள்ள பெட்டியாக வாங்குங்கள். ஆடி மழையில் மலையில் கரண்ட் போவது வழக்கம்தானே. ஒரு கம்ப்யூட்டரில் பிங் (சிறு பாக்கெட்டுகள் அனுப்பி இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடவிட்டு, பெட்டியின் பவர் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். உள்ளே ரிலே 'டக்' என்று விழும். சில பாக்கெட் தவறி, பிங் மறுபடி ஓட வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் சோதிக்கப்படாது என்பதையும் மறக்காதீர்கள்.

படி 2: தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகப் பெட்டி தானே ஒன்றைத் தயாரித்துப் பிரவுசருக்குக் கொடுக்கும். அதைப் பிரவுசர் நம்ப, பெட்டியின் ரூட் (மூல) சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுங்கள். விண்டோஸ் டொமைன் இருந்தால் குரூப் பாலிசி (ஒரே இடத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி) போதும். அந்த ரூட் சான்றிதழின் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) திருட்டுப் போனால், எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் ஆட்களை ஏமாற்றலாம். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் ஏற்றும் சான்றிதழைப் பெரும்பாலான ஆப்கள் நம்பாது; போன்களுக்குத் தனி வைஃபை கொடுத்துவிடுங்கள்.

படி 3: இதுதான் முக்கியம். எதைத் திறக்கக் கூடாது என்று முதலில் எழுதுங்கள்: வங்கி, மருத்துவமனை, வருமான வரி. தன் சான்றிதழை மட்டுமே ஏற்கும் மென்பொருள்களும் இதில் சேரும். நான் இந்தப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாள் காலையிலேயே கணக்குப் பிரிவு அக்கா வந்தார்: "தம்பி, பேங்க் சாஃப்ட்வேர் ஓடவே மாட்டேங்குது. இன்னைக்குச் சம்பளம் போடணும்." தோட்டத்துக்காரர்கள் காத்திருக்கும் பணம் அது. சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும், ஒருவருடைய வங்கிப் பாஸ்வேர்டு நம் பெட்டிக்குள் திறந்து கிடப்பதே தவறு. எது பார்க்கப்படும், எது பார்க்கப்படாது என்று ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 4: க்விக் என்பது பிரவுசர்கள் டிசிபிக்குப் பதிலாக யுடிபி வழியாகத் தளத்தோடு பேசும் முறை; பெட்டி அதைத் திறந்து பார்க்காமல் போகலாம். அதனால் ஃபயர்வாலில் யுடிபி 443 போர்ட்டை அடைத்துவிடுங்கள். பிரவுசர் க்விக்கை விட்டுவிட்டு டிசிபிக்குத் திரும்பும்.

படி 5: ஒரு வாரம் இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டுங்கள். காலாவதியான சான்றிதழ் உள்ள தளத்தைப் பெட்டி மறுக்க வேண்டும். அப்புறம் பிரவுசரில் சான்றிதழ் விவரத்தைத் திறந்து பாருங்கள். சாதாரணத் தளத்தில் வழங்கியவர் என்ற இடத்தில் பெட்டியின் பெயர் இருக்கும். வங்கித் தளத்தில் அசல் நிறுவனத்தின் பெயரே இருக்க வேண்டும். அக்காவின் திரையில் அதைக் காட்டிய பிறகுதான் மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போனேன்.